எட்டாவது பிட்

இணையம் இந்தியாவுக்கு 1995 ஆகஸ்ட் 15 அன்று வந்தது என்று சொல்லிப் பழகிவிட்டோம். விதேஷ் சஞ்சார் நிகம், அதாவது வி.எஸ்.என்.எல், அன்றுதான் டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை ஆகிய நகரங்களில் பொதுமக்களுக்கு இணைய இணைப்பு கொடுக்கத் தொடங்கியது. கல்வி நிலையங்களுக்கு அதற்கு முன்பே, 1986-ல் தொடங்கிய எர்னெட் திட்டம் வழியாக வலை இருந்தது. சென்னை ஐஐடியும் அதில் உண்டு. ஆக, தேதியில் தவறில்லை. ஆனால் அது தொலைபேசிக் கம்பி வரைக்குமான தேதி. அந்தக் கம்பியிலிருந்து ஒரு வீட்டுக் கணினிக்குள் இணையம் நுழைந்தது இன்னொரு தேதி. அந்தக் கணினியின் திரையில் தமிழ் தெரிந்தது மூன்றாவது தேதி. மூன்றுக்கும் நடுவே என்ன நடந்தது என்பதை யாரும் அதிகம் எழுதி வைக்கவில்லை. 

முதலில் கம்பியைப் பார்ப்போம்.

வி.எஸ்.என்.எல் இரண்டு வகைக் கணக்குகள் கொடுத்தது. ஒன்று ஷெல் கணக்கு. இன்னொன்று டிசிபி/ஐபி கணக்கு. தொடக்கத்தில் ஒரு தனிமனிதர் டிசிபி/ஐபி கணக்கு வாங்க வேண்டுமென்றால் 15,000 ரூபாய். 500 மணி நேரம். வேகம் நொடிக்கு 9,600 பிட். பிறகு வந்த மாணவர் கணக்கு அதே 500 மணி நேரத்துக்கு வெறும் 500 ரூபாய்தான், ஆனால் அது ஷெல். 

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் வேகத்தில் இல்லை. ஷெல் கணக்கில் உங்கள் கணினி இணையத்தில் இல்லவே இல்லை. சென்னையிலோ மும்பையிலோ இருக்கும் வி.எஸ்.என்.எல் யூனிக்ஸ் இயந்திரம்தான் இணையத்தில் இருக்கிறது. உங்கள் கணினி அந்த இயந்திரத்துக்கு நீளமான கம்பி போட்ட ஒரு விசைப்பலகை, ஒரு திரை. கறுப்புத் திரையில் எழுத்து வரும். பைன் நிரலில் மின்னஞ்சல் படிக்கலாம். லின்க்ஸ் உலாவியில் படமில்லாத பக்கங்களைப் பார்க்கலாம். அவ்வளவுதான். டிசிபி/ஐபி கணக்கில் உங்கள் கணினிக்கே ஒரு ஐபி முகவரி கிடைக்கும். ஊருக்கு வந்துபோகிற விருந்தாளிக்கும், அதே தெருவில் ரேஷன் கார்டு வைத்திருப்பவருக்கும் உள்ள வித்தியாசம் இது. 

அந்த 500 ரூபாய்க்கும் 15,000 ரூபாய்க்கும் நடுவே புகுந்து விளையாடிய ஆட்களும் உலகத்தில் உண்டு. 1995-ல் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் டேனி காஸ்பரோவ்ஸ்கி எழுதிய ஸ்லர்ப் என்ற நிரல் ஷெல் கணக்குக்குள்ளேயே ஓடும். ஓடிக்கொண்டே, மறுமுனையில் இருக்கும் வீட்டுக் கணினிக்கு "உனக்கும் முகவரி இருக்கிறது" என்று நம்பவைக்கும். வீட்டுக் கணினி அனுப்பும் பொட்டலங்களைப் பிரித்து, தன் பெயரில் இணையத்துக்கு அனுப்பி, பதிலை வாங்கித் திருப்பிக் கொடுக்கும். ஷெல்லில் சொந்த நிரல் ஓட்ட அனுமதி இருந்தால்தான் இது நடக்கும். மெனுவுக்குள் பூட்டி வைத்த ஷெல்லில் நடக்காது. ஸ்லர்ப் இன்றும் சாகவில்லை. கியூஎமு போன்ற மெய்நிகர் இயந்திர மென்பொருள்களுக்குள் அதே வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. 

இது பெருநகரக் கதை. எங்கள் பக்கம் வேறு. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ஒரே எஸ்.டி.டி கோடு, 04563. மதுரைக்கு 0452. சென்னைக்கு 044. டயல்-அப் இணையம் என்பது அடிப்படையில் ஒரு தொலைபேசி அழைப்பு. மோடம் அழைக்கும் எண் எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊருக்கான கட்டணம் மீட்டரில் ஏறும். 500 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் சென்னைக்கு எஸ்.டி.டி போட்டு மின்னஞ்சல் படிப்பது மில் முதலாளிகளுக்கு வேண்டுமானால் கட்டுப்படியாகும். பருத்தி ஆலைகளும், சத்திரப்பட்டியின் பேண்டேஜ் துணியும் வெளிநாட்டோடு பேச வேண்டியிருந்த ஊர் என்பதால் ஃபேக்ஸ் பழக்கம் இருந்தது. கிருஷ்ணன்கோவிலில் 1984 முதலே பொறியியல் கல்லூரி இருந்ததால் கணினி தெரிந்த பிள்ளைகளும் இருந்தார்கள். ஆளும் இருந்தது, தேவையும் இருந்தது. இல்லாதது உள்ளூர்க் கட்டணத்தில் அழைக்க ஒரு எண். 

1998 நவம்பரில் இணையச் சேவை தனியாருக்குத் திறந்துவிடப்பட்டது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் இன்ஃபோவே முதலில் களமிறங்கியது. 2000-த்தில் பி.எஸ்.என்.எல் உருவானது. அதன் சஞ்சார்நெட் சேவைக்கு 172233 என்று டயல் செய்ய வேண்டும். இந்த 172-ல் தொடங்கும் எண்களுக்கு உள்ளூர் அழைப்புக் கட்டணம் மட்டும்தான். 3 நிமிடத்துக்கு ஒரு யூனிட். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அழைத்தாலும் சென்னையிலிருந்து அழைத்தாலும் ஒரே கணக்கு. ஒரு சிற்றூர்க்காரனுக்கு இணையம் வந்த நாள் ஆகஸ்ட் 15 அல்ல, அந்த எண் வேலை செய்யத் தொடங்கிய நாள். 

எண் வந்துவிட்டது. கணினி தயாரா என்றால், இல்லை. 

அன்று சிற்றூர் வீடுகளுக்கு வந்தவை பெரும்பாலும் பெருநகர அலுவலகங்களில் கழித்துக்கட்டிய 386, 486 இயந்திரங்கள். அவற்றில் விண்டோஸ் 3.1 இருக்கும். 1992-ல் வந்த அந்த விண்டோஸுக்கு இணையம் என்றால் என்னவென்றே தெரியாது. டிசிபி/ஐபி நெறிமுறையைப் பேசும் நிரல் அடுக்கு அதில் கிடையாது. அந்த ஓட்டையை அடைத்தவர் பீட்டர் டட்டம். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா பல்கலைக்கழகத்தில், அதுவும் உளவியல் துறையில், வேலை பார்த்தவர். 1994-ல் அவர் வெளியிட்ட டிரம்பெட் வின்சாக் ஒரு ஃப்ளாப்பியில் அடங்கும். விலை 25 டாலர், பயன்படுத்திப் பார்த்துப் பிடித்திருந்தால் அனுப்பலாம். உலகம் முழுக்கப் பத்திரிகைகளும் இணைய நிறுவனங்களும் அதை ஃப்ளாப்பியில் போட்டு விநியோகித்தன. காசு அனுப்பியவர்கள் குறைவு. 2011-ல் சிலர் நினைவு வந்து, இணையத்தில் கூடி, அவருக்குப் பணம் அனுப்பினார்கள். பதினேழு வருடம் கழித்து. 

டிரம்பெட்டைத் திறந்தால் ஒரு சின்னப் படிவம். ஐபி முகவரி, நெட்மாஸ்க், கேட்வே, நேம் சர்வர் என்று பெட்டிகள். நேம் சர்வர் எதற்கு என்று எங்கள் ஊர்க்காரர்களுக்கு விளக்குவது சுலபம். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் திருவண்ணாமலை என்று ஒரு ஊர் இருக்கிறது. குன்றின் மேல் சீனிவாசப் பெருமாள். புரட்டாசி சனிக்கிழமைகளில் கூட்டம் தாங்காது. ஆனால் வெளியூரில் போய் "திருவண்ணாமலைக்குப் பக்கத்துல" என்று சொன்னால் எல்லோரும் கிரிவலத்தைப் பற்றித்தான் கேட்பார்கள். பெயர் ஒன்று, இடம் இரண்டு. தபால்காரருக்குக் குழப்பமில்லை, அவர் பார்ப்பது 626125 என்ற எண்ணை. இணையமும் அப்படித்தான். பெயரை மனிதர்கள் வைத்துக்கொள்ளட்டும், பொட்டலம் எண்ணைப் பார்த்துத்தான் போகும். பெயரைக் கொடுத்தால் எண்ணைச் சொல்கிறவர்தான் நேம் சர்வர். 

படிவத்துக்கு அடுத்தது லாகின் ஸ்கிரிப்ட். மோடத்துக்கு எந்த எண்ணை அழைக்க வேண்டும், மறுமுனை என்ன கேட்டால் என்ன பதில் தர வேண்டும் என்று வரி வரியாக எழுத வேண்டும். "லாகின்" என்ற ஆங்கிலச் சொல்லுக்காகக் காத்திருக்கச் சொல்லும் வரியில் முதல் எழுத்தை எழுத மாட்டார்கள். அது பெரிய எழுத்தாக வருமா, சின்ன எழுத்தாக வருமா என்று நிச்சயமில்லை. கம்பி இரைச்சலில் தொலைந்தும் போகலாம். மிச்ச எழுத்துகள் வந்தால் போதும். தலை போனாலும் உடலைப் பார்த்து அடையாளம் கண்டுகொள்ளும் ஏற்பாடு.

விண்டோஸ் 95 வந்தபிறகு இதெல்லாம் தீர்ந்துவிட்டது என்று நினைப்போம். டிசிபி/ஐபி அதில் இருந்தது, ஆனால் தானாக வந்து உட்காராது. கண்ட்ரோல் பேனலில் நெட்வொர்க்கைத் திறந்து, டயல்-அப் அடாப்டரைச் சேர்த்தால், அலுவலக வலைகளுக்கான வேறு இரண்டு நெறிமுறைகள் முதலில் வந்து உட்காரும். டிசிபி/ஐபியை நாமே தேடிச் சேர்க்க வேண்டும். "விண்டோஸ் சிடியைப் போடு" என்று கேட்கும். சிடி வேறு யாரிடமோ இருக்கும். போட்ட பிறகு கணினியை அணைத்து எழுப்ப வேண்டும். 

இதைச் செய்துகொடுத்தவர்களை எங்கள் பக்கம் "சிஸ்டம் பாக்குற அண்ணன்" என்போம். அசெம்பிள் செய்யும் கடையில் இருப்பார், சட்டைப் பையில் ஸ்க்ரூ டிரைவர் இருக்கும். "அண்ணே, நெட்டு வரல" என்று சொன்னால் சைக்கிளை எடுத்துக்கொண்டு வருவார். அவரிடம் ஒரு நோட்டு. அதில் நேம் சர்வர் எண்கள், மோடத்துக்கான கட்டளைகள் எல்லாம் பால்பாயிண்ட் பேனாவில் இருக்கும். பழைய சீரியல் சிப் ஒரு நேரத்தில் ஒரு பைட்டைத்தான் பிடித்து வைக்கும், 16550 என்ற சிப் 16 பைட் பிடிக்கும், அதனால் பழைய கணினியில் வேகமான மோடம் போட்டுப் புண்ணியமில்லை என்பது அவருக்கு அனுபவத்தில் தெரியும். "போர்டு தாங்காது தம்பி" என்பார். அவருடைய விளக்கம் அவ்வளவுதான். பிற்பாடு பொறியியல் படித்தபோது எனக்குச் சொல்லித் தரப்பட்ட விளக்கம் நீளமானது, முடிவு அதேதான். 

இனி மூன்றாவது தேதிக்கு வருவோம். தமிழ். 

ஒரு பைட்டில் எட்டு பிட்டுகள். ஆங்கில எழுத்துகள், எண்கள், குறிகள் எல்லாவற்றுக்கும் ஏழு பிட் போதும், 0 முதல் 127 வரை. எட்டாவது பிட் அமெரிக்கர்களுக்குத் தேவைப்படவில்லை. அதனால் பழைய தொலைத்தொடர்புக் கருவிகள் பலவற்றில் அதைப் பிழை சரிபார்க்கப் பயன்படுத்தினார்கள். பல மின்னஞ்சல் சர்வர்கள் அதைத் துடைத்துவிட்டு அனுப்பின. தமிழுக்கு இடம் பிடிக்க வந்தவர்கள் பார்த்தபோது காலியாக இருந்தது எட்டாவது பிட்டின் பின்னால் இருந்த பாதி, 128 முதல் 255 வரை. வழியில் யார் வேண்டுமானாலும் துடைத்துவிடக்கூடிய இடமும் அதுதான். 

சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் உருவாக்கிய மயிலை எழுத்துரு இந்தச் சிக்கலைச் சுற்றிக்கொண்டு போனது. ஆங்கில எழுத்துகள் இருந்த ஏழு பிட் இடத்திலேயே தமிழை உட்காரவைத்தது. எந்தச் சர்வரும் துடைக்க முடியாது. ஆனால் ஒரே எழுத்துருவில் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்து வர முடியாது. அடுத்து, பல நாடுகளில் இருந்த தமிழர்கள் மின்னஞ்சலில் மாதக்கணக்கில் விவாதித்து உருவாக்கிய டிஸ்கி குறியீடு கீழ்ப் பாதியை ஆங்கிலத்துக்கு விட்டுவிட்டு மேல்பாதியில் தமிழை வைத்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழக அரசு நடத்திய தமிழ்நெட் 99 மாநாடு டாம், டாப் என்று வேறு இரண்டு எட்டு பிட் குறியீடுகளை ஏற்றது. எது சரி என்ற சண்டை நீளமானது. எல்லோரும் நின்றது அந்த எட்டாவது பிட்டின் மேல்தான்.

அந்த பிட் போனால் என்ன ஆகும்? டிஸ்கியில் "தமிழ்" என்ற சொல் நான்கு பைட்டுகள்: 190, 193, 162, 250. ஒவ்வொன்றிலும் எட்டாவது பிட்டைத் துடைத்தால், அதாவது 128-ஐக் கழித்தால், 62, 65, 34, 122. திரையில் வருவது ஒரு "பெரியது" குறி, ஆங்கிலத்தின் முதல் எழுத்து, ஒரு மேற்கோள் குறி, ஆங்கிலத்தின் கடைசி எழுத்து. ஆங்கில அரிச்சுவடியின் முதலும் முடிவும் இருக்கும், தமிழ் இருக்காது. 

இதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றுதான் ஒரு சொந்தக்காரர் வீட்டுப் பரணிலிருந்து ஒரு 486-ஐ இறக்கினேன். விண்டோஸ் 3.1, டிரம்பெட் வின்சாக். தொலைபேசிக் கம்பிக்குப் பதில் ஒரு சீரியல் கேபிள், வி.எஸ்.என்.எல்-க்குப் பதில் மறுமுனையில் ஒரு ராஸ்பெர்ரி பை. முதலில் ஸ்லிப் நெறிமுறையில் இணைத்தேன். 1988-ல் இதை விவரித்த ஆவணம் தலைப்பிலேயே தன்னைத் தரப்படுத்தப்படாதது என்று சொல்லிக்கொள்கிறது. அவ்வளவு எளிமை. சீரியல் கம்பியில் பைட்டுகள் எறும்பு வரிசைபோல வந்துகொண்டே இருக்கும், எங்கே ஒரு பொட்டலம் முடிகிறது என்று தெரியாது. ஸ்லிப் ஒவ்வொரு பொட்டலத்தின் முடிவிலும் 192 என்ற பைட்டை வைக்கும். உள்ளடக்கத்திலேயே 192 வந்தால்? அதற்குப் பதில் 219, 220 என்று இரண்டு பைட்டுகளாக மாற்றி அனுப்பும். மறுமுனை திருப்பி மாற்றிக்கொள்ளும். 

டிஸ்கியில் 192 எது தெரியுமா? "ப". 

ராஜபாளையம், பெருமாள், பால்கோவா என்று மூன்று சொற்களை ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பிப் பார்த்தேன். கம்பியில் ஓடிய பைட்டுகளைப் பதிவு செய்து படித்தால், மூன்று சொல்லிலும் "ப" இருந்த இடத்தில் 219, 220. ஸ்லிப்பை எழுதியவர்களுக்குத் தமிழ் தெரியாது. டிஸ்கியை வகுத்தவர்கள் ஸ்லிப்பை நினைத்து வகுக்கவில்லை. ஆனாலும் "ப" பத்திரமாக வந்து சேர்ந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலேயே எல்லா எட்டு பிட்டுகளையும் அப்படியே சேர்ப்பிப்பேன் என்பதுதான் அந்த நெறிமுறை கொடுத்த வாக்கு. பிறகு பிபிபி நெறிமுறைக்கு மாற்றினேன். அதற்கு 126-தான் எல்லைக் குறி, தமிழ்ப் பக்கம் வராது. முகவரியையும் அதுவே கேட்டு வாங்கிக்கொள்ளும். கடைசியாக, நெறிமுறையே இல்லாமல் ஷெல் கணக்கு மாதிரி வெறும் டெர்மினலில், ஏழு பிட் அமைப்பில், அதே பக்கத்தை அனுப்பினேன். "பெரியது" குறிகளும் மேற்கோள்களுமாகத் திரை நிரம்பியது. எட்டு பிட் அமைப்புக்கு மாற்றினாலும் அந்த டெர்மினலில் தமிழ் எழுத்துரு போட வழியில்லை. வேறு வகைக் குப்பை வந்தது, அவ்வளவுதான். 

500 ரூபாய்க் கணக்குக்கும் 15,000 ரூபாய்க் கணக்குக்கும் நடுவே இருந்தது இதுதான். ஷெல்லில் இருந்தவர் தமிழைப் பார்க்கவே முடியாது. ஆங்கில எழுத்தில் தமிழை எழுதி, ஆங்கில எழுத்தில் படிக்க வேண்டும். டிசிபி/ஐபி இருந்தவர் எழுத்துருவை நிறுவி, உலாவியில் தமிழைத் தமிழாகவே படிக்கலாம். 1995 அக்டோபரில், வி.எஸ்.என்.எல் தொடங்கி இரண்டே மாதத்தில், சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழிகளில் தாங்கிய தளம் ஒன்றை அந்நாட்டு அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கிவைத்தார். அதில் தமிழை ஏற்றியவர் நா. கோவிந்தசாமி. தமிழ் இணையத்தில் இருந்தது. சென்னையில் ஷெல் கணக்கு வைத்திருந்த மாணவனுக்கு அது கண்ணுக்குத் தெரியாத தமிழ். 

தமிழ் இணையத்தின் முதல் பெயர்கள் ஏன் சிங்கப்பூர், கோலாலம்பூர், சிட்னி, லொசான் என்று இருக்கின்றன என்பதற்குத் தாய்மண் ஏக்கம் என்று ஒரு காரணம் சொல்வார்கள். இருக்கலாம். அவர்களுடைய மேசைக் கணினிக்கு ஒரு ஐபி முகவரி இருந்தது என்பது அதைவிடச் சாதாரணமான காரணம். 1998 பொங்கலன்று கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் முதல் மின்னூல் திருக்குறள். லொசானிலிருந்து கிளம்பிய அந்தக் குறளை மதுரைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் படிக்க மோடமும் தொலைபேசியும் 486-ம் வேண்டும். தொலைபேசியே இல்லாத கிராமங்களுக்கு என்ன வழி என்று யோசித்தவர்களும் உண்டு. 2001 முதல் மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரக் கிராமங்களில், சென்னை ஐஐடியில் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு உருவாக்கிய கார்டெக்ட் கம்பியில்லாத் தொழில்நுட்பத்தில் இணைய மையங்கள் வந்தன. வேகம் நொடிக்கு 35 முதல் 70 கிலோபிட். அங்கே நெறிமுறை அமைக்க நோட்டு வைத்த அண்ணன் தேவைப்படவில்லை, பெட்டியோடு வந்தது. 

இன்று என் 486-லிருந்து உலகத்தின் எந்தச் சர்வருக்கும் பொட்டலம் அனுப்பினால் பதில் வருகிறது. அது அனுப்பும் பொட்டலத்தின் வடிவம் 1981 செப்டம்பரில் எழுதப்பட்டது, இன்றுவரை மாறவில்லை. ஆனால் பக்கம் திறக்காது. இன்றைய தளங்கள் கேட்கும் மறையாக்கம் அந்த உலாவிக்குத் தெரியாது. மறுபக்கமும் அப்படியே. யூனிகோட் வந்ததும் "தமிழ்" நான்கு பைட்டிலிருந்து பதினைந்து பைட் ஆனது. எழுத்துருச் சண்டை முடிந்தது, நல்லதுதான். மதுரைத் திட்டம் தன் நூல்களை யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டது. மாற்ற ஆளில்லாத பக்கங்கள் அப்படியே நின்றன. 2009-ல் ஜியோசிட்டீஸ் மூடப்பட்டபோது தனிமனிதர்களின் பக்கங்கள் மொத்தமாகப் போயின. மிச்சமிருப்பவற்றை இன்றைய உலாவியில் திறந்தால் டிஸ்கி என்ற ஒன்று இருந்ததே அதற்குத் தெரியாது. 

எங்கள் பக்கத்து வீடுகளிலும் மில் அலுவலகங்களிலும் கோவில் விழாக் குழுக்களிலும் அந்தக் காலத்து ஹார்ட் டிஸ்குகள் இன்னும் கிடக்கின்றன. கல்யாணப் பத்திரிகை, சங்கத் தீர்மானம், பள்ளி ஆண்டு மலர், வெளிநாட்டுப் பிள்ளைக்கு எழுதிய கடிதம். எல்லாம் எட்டாவது பிட்டில் எழுதப்பட்ட தமிழ். திறந்து பார்த்துவிட்டு "வைரஸ் அடிச்சிருச்சு" என்று பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடுகிறார்கள். போடுவதற்கு முன்னால் ஒரு நிமிடம். குப்பைபோலத் தெரியும் அந்த எழுத்துகளில் முக்கால் என்ற பின்னக் குறி அடிக்கடி வருகிறதா என்று பாருங்கள். டிஸ்கியின் "த" இன்றைய திரையில் அப்படித்தான் தெரியும். 190, 193, 162, 250 என்ற வரிசை எங்காவது இருந்தால் அது வைரஸ் இல்லை. அதைத் திருப்பி மாற்ற ஒரு பக்க அட்டவணையும் பத்து வரி நிரலும் போதும்.